படத்தில் தெரியாத தடிமன்

இடைக்கால ஐரோப்பிய வாளின் எடை எவ்வளவு இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஐந்து கிலோ, பத்து கிலோ என்பார்கள். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. 12, 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கையில் பிடித்துச் சண்டை போட்ட வாள் பெரும்பாலும் 1.1 கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு கையால் வீசும் நீளவாள்கூட ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். டேராடூனில் ஏற்றுமதிக்கு நகல் வாள் செய்யும் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்தபோது நான் முதலில் மனப்பாடம் செய்த எண்கள் இவைதான். இன்றைக்கும் ஒரு வாளைக் கையில் கொடுத்தால் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் தராசைத் தேடுகிறேன்.

டேராடூனுக்கும் ஐரோப்பிய வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி செய்து கொடுக்க அங்கே விண்ட்லாஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. போர் முடிந்தது, உலையும் தொழில் தெரிந்த கைகளும் அங்கேயே இருந்தன. அணிவகுப்பு வாள், அதன் பிறகு அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்கான சரித்திர நகல்கள் என்று வேலை பெருகியது. பல பட்டறைகள் முளைத்தன. 200 முதல் 400 டாலருக்குள் வெளிநாட்டில் விற்கும் இடைக்கால வாள்களில் கணிசமானவை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போகிறவை. வாங்குபவர்கள் பழைய போர்களை நடித்துக்காட்டும் குழுக்கள், பழைய வாட்போர்க் கலையை ஏட்டிலிருந்து மீட்டுப் பயில்பவர்கள், நாடகக்காரர்கள், வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க ஆசைப்படுபவர்கள்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். திருப்பாச்சி அருவாள் அடிக்கும் சத்தம் சின்ன வயதிலேயே காதில் விழுந்தது. லாரிப் பட்டையை வாங்கி வந்து நறுக்கி, காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் கொடுத்து அருவாளாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உலோகவியல் டிப்ளமோ முடித்ததும் கோவையில் ஸ்பிரிங் கம்பெனியில் சில காலம். டேராடூன் பட்டறையில் என் முன்னால் வந்து நின்றதும் அதே லாரிப் பட்டை எஃகுதான். ஈ.என்.45 என்று எண் சொல்வார்கள். கார்பனோடு சிலிக்கானும் சேர்ந்த ஸ்பிரிங் எஃகு. வளைந்தால் நிமிரும். விலையும் குறைவு. மலிவான வாளுக்கு அதைவிடப் பொருத்தமான எஃகை நம் நாட்டில் தேட வேண்டியதில்லை.

ஆகவே எஃகு மலிவாக இருப்பது குறையே அல்ல. நகல் வாளின் விலையை எத்தனையோ இடத்தில் குறைக்கலாம். எந்த இடத்தில் குறைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. மெருகில் குறைத்தால் நான் கையெழுத்துப் போடுவேன். தடிமனிலும் தோய்ச்சலிலும் காம்பிலும் கை வைத்தால் போடமாட்டேன்.

தடிமனை முதலில் சொல்கிறேன். வாங்குகிறவர்கள் கவனிக்காத விஷயம் அது. வாளை வாளாக்குவதும் அதுதான்.

அசல் வாளின் அலகு கைக்காப்புப் பக்கம் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அங்கிருந்து முனையை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். முனைக்குச் சற்று முன்னால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அகலம் குறைவது கண்ணுக்குத் தெரியும். தடிமன் குறைவதைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய நகல் வாள்கள் பலவும் இரும்புக் கடப்பாறையாகக் கனத்ததற்குக் காரணம் இதுவே. செய்தவர்கள் புத்தகப் படத்தையும் அருங்காட்சியகப் பட்டியலையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். படத்தில் நீளம் தெரியும், அகலம் தெரியும், கைப்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழின் வடிவம் தெரியும். தடிமன் தெரியாது. ஐந்து மில்லிமீட்டர்த் தகட்டை எடுத்து வடிவத்துக்கு வெட்டினார்கள். அடியிலிருந்து முனைவரை அதே ஐந்து மில்லிமீட்டர். 80 சென்டிமீட்டர் அலகில் இந்த ஒரு காரணத்தால் மட்டும் ஏறத்தாழ 200 கிராம் கூடிவிடும். அந்த 200 கிராமில் பெரும்பகுதி முன்பக்கத்தில், வீசும் கைக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீசியதை நிறுத்த முடியாது, திருப்ப முடியாது. இடைக்கால வீரர்கள் முரட்டு பலத்தால் கண்மூடித்தனமாக அடித்துக்கொண்டார்கள் என்ற தவறான எண்ணம் இன்னும் நீடிப்பதற்கு இந்த நகல்களும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே யூவர்ட் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயரைச் சொல்லாமல் போவது நன்றி மறந்த செயல். 1916-இல் பிறந்து 2002-இல் மறைந்தவர். இடைக்கால வாள்களை அலகின் அமைப்பை வைத்துப் பத்தாம் வகையிலிருந்து இருபத்திரண்டாம் வகைவரை வரிசைப்படுத்தினார். அவருக்கு முன்பு கைப்பிடியைத்தான் அதிகம் பார்த்தார்கள். அவர் அலகைப் பார்க்கச் சொன்னார். வாள்களைச் சேகரித்து, கையில் எடுத்து, வீசிப் பார்த்து எழுதியவர் என்பதால் அவர் எழுத்தில் எடையும் சமநிலையும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் பட்டறைக்கு வரும் ஆர்டர்களில்கூட 'பன்னிரண்டாம் வகை' என்றுதான் இருக்கும். பன்னிரண்டாம் வகை என்றால் ஏறக்குறைய 1180 முதல் 1320 வரை புழங்கிய ஒற்றைக் கை வாள். அகலமான அலகு, நடுப்பள்ளம் அலகின் மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஓடும், முனை குத்தவும் உதவும். தரம் பார்க்கிறவனுக்கு அந்த வரிசை ஓர் அளவுகோல். அதற்குப் பொருந்தாத வாளைப் பன்னிரண்டாம் வகை என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

வேலை விஷயமாக லண்டன் போனபோது வாலஸ் கலெக்‌ஷனுக்குப் போனேன். மான்செஸ்டர் சதுக்கத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்று, அலகுகளை விளிம்புப் பக்கமாகப் பார்த்தேன். காவலர் ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். தடிமன் என்றேன். அவருக்குப் புரிந்தது, வேறொரு பெட்டிக்கு அழைத்துப் போய், இதை இந்த மூலையிலிருந்து பாருங்கள் என்று காட்டினார். அந்த அலகு காப்பிலிருந்து முனைவரை ஒரே சீராக மெலியவில்லை. முதலில் சட்டென்று மெலிந்து, நடுவில் கொஞ்சம் தாக்குப்பிடித்து, கடைசியில் மறுபடியும் மெலிந்தது. நடுப்பள்ளம்கூட இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. ஒருபுறம் சற்றே சாய்ந்து ஓடியது. அளவுக்கருவியின் துல்லியம் அதில் இல்லை. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு எஃகு வேண்டும் என்று செய்தவனுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்து கிரைண்டிங் பகுதி மிஸ்திரியிடம் இதைச் சொன்னேன். வயதானவர், பெல்ட் கிரைண்டரில் காலம் கழித்தவர். "பாய் சாஹப், மெலிய வைக்க எனக்குத் தெரியும். மெலிய வைத்தால் பெல்ட் இரண்டு பங்கு தேயும், நேரம் இரண்டு பங்கு ஆகும். அந்தக் காசை யார் கொடுப்பார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. மலிவு வாளின் கதையே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பவர் ஹேமரில் பட்டையை முன்னதாகவே மெலிய நீட்டிக் கொடுத்தால் அரைப்பது குறையும் என்று அவரே வழியும் சொன்னார். முதலாளியிடம் பேசி அப்படியே செய்தோம். அதன் பிறகு ஒவ்வொரு அலகும் என் மேஜைக்கு வரும்போது பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வெர்னியர் காலிபரை வைத்து அளந்து, எண்களை அலகின் மேலேயே எழுதுவேன். 5.6, 5.1, 4.5, 4.2, 4.0 என்று இறங்கிக்கொண்டே வந்து 2.4-இல் முடிய வேண்டும். 5.0, 5.0, 4.9, 5.0 என்று வந்தால் மிஸ்திரிஜியிடம் திரும்பிப் போகும்.

சமநிலைப் புள்ளி என்ற ஒன்றை விளம்பரங்களில் நிறையப் பார்க்கலாம். வாளை ஒரு விரலின் மேல் கிடத்தினால் எங்கே நிற்கிறது என்பது. ஒற்றைக் கை வாளுக்குக் காப்பிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் என்றால் நல்லது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அலகு கனமாக இருந்தால் குமிழைப் பெரிதாக்கிவிட்டால் போதும். புள்ளி சரியான இடத்துக்கு வந்துவிடும், வாள் மட்டும் 1.7 கிலோ ஆகிவிடும். முன்னாலும் பாரம், பின்னாலும் பாரம். நேராகத் தூக்கிப் பிடித்தால் சுகமாகத்தான் இருக்கும். சுழற்றினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

அதனால் இன்னொரு சோதனை செய்வேன். பிடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, முனை மேலே இருக்க, குமிழைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்ட வேண்டும். அலகு அதிரும். நன்றாகக் கவனித்தால் முனைக்குக் கீழே ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்பது தெரியும். அதன் மேலும் கீழும் அலகு மங்கலாகத் துடிக்கும். வெட்டு அந்த இடத்தில் விழுந்தால் கைக்கு அதிர்ச்சி வராது. இதேபோல் அசையாத இரண்டாவது இடம் பிடிக்குள், காப்பை ஒட்டி, ஆள்காட்டி விரல் வரும் இடத்தில் அமைய வேண்டும். அது அலகின் பக்கம் நகர்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் சுரீரென்று ஏறும். இந்த இரண்டு இடங்களும் சரியாக விழுந்த வாளில் தடிமனும் குமிழும் காம்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். தட்டிப் பார்க்கக் காசு செலவில்லை, கருவியும் வேண்டாம். கடையில் வாள் வாங்குகிற எவரும் செய்யலாம்.

தோய்ச்சலுக்கு வருவோம். ஈ.என்.45 அலகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே ஒடியும். மறுபடியும் சுமார் 400 டிகிரியில் வாட்டி அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும். கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 48-க்கும் 52-க்கும் இடையில் வந்தால் எனக்குத் திருப்தி. கத்தி விரும்பிகள் சிலர் 58, 60 வேண்டும் என்பார்கள். சமையல் கத்திக்கு அது சரி. முக்கால் மீட்டருக்கு மேல் நீண்டு, இன்னொரு வாளிலோ கேடயத்திலோ மோதப்போகும் அலகுக்கு அந்தக் கடினம் ஆபத்து.

நான் மூன்று இடத்தில் அளப்பேன்: காப்புக்குப் பக்கத்தில், நடுவில், முனைக்கு அருகில். நீண்ட உலையில் எல்லா இடத்திலும் ஒரே சூடு நிற்பதில்லை. நடுவில் 51 காட்டி முனையில் 40 காட்டிய அலகுகளைப் பார்த்திருக்கிறேன். அளப்பதற்கு முன் அந்த இடத்தை லேசாக அரைத்துவிட வேண்டும். காய்ச்சும்போது மேல்தோலில் கார்பன் எரிந்துபோய் மென்மையாகிவிடும், தோலை அளந்தால் பொய்க் கணக்கு வரும். கருவி இல்லாதவர்களுக்கு அரம் போதும். கவனிக்காத ஓரிடத்தில் அரத்தை வைத்துத் தள்ளினால் கொஞ்சம் சிரமப்பட்டுக் கடிக்க வேண்டும். கடிக்கவே மறுத்து வழுக்கினால் மிகக் கடினம். கம்பியை அறுப்பதுபோல் சுலபமாக உள்ளே இறங்கினால் தோய்ச்சலே இல்லை. பிறகு முனையை மரப்பலகையில் ஊன்றி ஒரு சாண் அளவுக்கு வளைத்து விடுவேன். நேராக நிமிர வேண்டும். கொஞ்சம் வளைவு மிஞ்சினாலும் அந்த அலகு தேறாது.

எவர்சில்வர் வாள்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். துருப்பிடிக்காது, பளபளவென்று இருக்கும், விலையும் பாதி. சுவருக்கு மட்டும். அவற்றில் வழக்கமாகப் போடும் 440 ரக எஃகு நீண்ட அலகுக்கு ஒத்துவராது. அடிபட்டால் ஒடிந்து பறக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுவரிலிருந்து எடுத்து வீசிவிடாமல் கட்டி வையுங்கள்.

காம்பு என்பது பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி. அலகின் தொடர்ச்சியாக ஒரே எஃகில், அகலமாகப் பிடிக்குள் இறங்கி, குமிழைத் துளைத்து வந்து, மறுபுறம் சுத்தியலால் தட்டிப் பரத்தப்பட்டிருக்க வேண்டும். அலகு காம்பாக ஒடுங்கும் இரண்டு மூலைகளும் வளைவாக இருக்க வேண்டும். கூர்மையான மூலை என்றால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் அங்கேதான் குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். வாள் ஒடியும்போது பெரும்பாலும் அலகின் நடுவில் ஒடிவதில்லை. காப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அந்த மூலையில்தான் ஒடிகிறது.

வெளியில் பார்த்தால் எல்லாப் பிடியும் ஒன்றுபோல்தான் தெரியும் என்பதால் லாட்டுக்கு ஒரு வாளை எடுத்துப் பிடியை அறுத்துப் பார்ப்பது என் வழக்கம். வெளியாளிடம் வாங்கிய ஒரு லாட்டில் அப்படி அறுத்தபோது உள்ளே குட்டையான ஒரு முளையும், அதில் வெல்டிங் வைத்த எட்டு மில்லிமீட்டர் மரைக்கம்பியும் இருந்தன. வெல்டிங் வைத்த சூட்டில் பக்கத்து எஃகின் தோய்ச்சல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. அந்த லாட் மேடையில் சண்டை நடிக்கும் ஒரு குழுவுக்குப் போகவிருந்தது. ஒரு காட்சியில் அலகு கழன்று பார்வையாளர் பக்கம் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. கொடுத்தவர், "யார் சார் பிடியைப் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பினோம். ஏற்றுமதித் தேதி தவறியதில் முதலாளிக்கு நஷ்டம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதரிடம் நெடுநாள் வேலை பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிடி ஆடுவதாக வரும் புகார்களுக்கு வேறொரு காரணமும் உண்டு, மழை. டேராடூனில் ஜூலை, ஆகஸ்டில் அடைமழை. அந்த ஈரத்தில் பொருத்திய மரப்பிடி, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டில் போய் உலர்ந்து சுருங்கும். காப்பும் பிடியும் கலகலக்கும். வாங்கியவர் வாளே சரியில்லை என்று எழுதுவார். மரத்தை உலர்த்தி, ஈரப்பதம் பார்த்துப் பிடி போட்டால் இந்தப் புகார் பெருமளவு குறையும். ஏற்கெனவே வாங்கிய வாளில் பிடி மட்டும் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், சரிசெய்யலாம். காப்போ குமிழோ ஆடினால் சரிசெய்யும்வரை வீசக் கூடாது.

மெருகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிப் பளபளப்பை நான் விரும்பமாட்டேன். பஃபிங் சக்கரத்தில் போட்டுத் தேய்க்கும்போது நடுப்பள்ளத்தின் விளிம்பும் அலகின் முதுகுக்கோடும் மழுங்கிவிடும். ட்யூப்லைட்டின் கீழே அலகைச் சாய்த்துப் பிடித்து, ஒளிக்கோடு அலகில் வழுக்கிப் போவதைப் பாருங்கள். கோடு நெளிந்தால் அரைத்தது மேடுபள்ளம். சின்னக் கீறலும் தோல்பிடியில் கோணல் தையலும் வாளின் குறையல்ல. வெளிநாட்டு வியாபாரிகள் சிலர் ஒரு கீறலுக்காக வாளைத் திருப்பி அனுப்பிவிட்டு, தடிமன் குறையாத அலகை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலித்தது.

மலிவு நகல் என்பது நம் காலத்துச் சீரழிவு என்றும் நினைக்க வேண்டாம். 9 முதல் 11-ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் பொறித்த வாள்களுக்குப் பெரும் மதிப்பு. இன்று ஏறக்குறைய 170 கிடைத்திருக்கின்றன. பெயரோடு சிலுவைக் குறிகள் வரும். ஆலன் வில்லியம்ஸ் என்ற உலோக ஆய்வாளர் இவற்றில் பலவற்றின் எஃகை ஆராய்ந்தார். இரண்டாவது சிலுவை கடைசி எழுத்துக்கு முன்னால் வரும் வாள்களில் சில, கார்பன் நிறைந்த உயர்தர எஃகு. பெயரை மாற்றி எழுதிய, சிலுவை இடம்மாறிய வாள்களில் தரம் குறைவு. அன்றைக்கும் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தார்கள், பெயரை மட்டும் நகலெடுத்தவர்கள் இருந்தார்கள். போர்க்களத்தில் அதற்கு விலை கொடுத்தது வாங்கியவன்.

லண்டனிலும் டொராண்டோவிலும் வாட்போர் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் எந்த வாள் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். இணைந்து பயில்வதற்கு என்றால் விளிம்பு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் மழுங்கலாகவும் முனை உருண்டையாகவும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். கூர்வாள் அதற்கு ஆகாது. எதை வாங்கினாலும் விற்பவரிடம் நான்கு எண்களைக் கேளுங்கள்: மொத்த எடை, சமநிலைப் புள்ளி, காப்பருகே அலகின் தடிமன், முனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் தடிமன். காம்பு ஒரே எஃகா, வெல்டிங்கா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நல்ல பட்டறைக்கு இவை கைவசம் இருக்கும், தயங்காமல் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த வாளை வாங்காதீர்கள்.